மூன்றாந்தரப் பிள்ளையின் கொப்பிக்குள் என்ன இருக்கிறது?

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எமது கிராமங்களில் தாய்மாரிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. “எங்களுக்கு என்ன மிஸ் தெரியும்? நாங்கள் ஒழுங்காப் படிக்கேல்லை. ரீச்சர்மார் பாத்துக்கொள்ளுவினம்.” மாதர் சங்கக் கூட்டங்களிலும் வீடுகளுக்குப் போகும்போதும் இந்த வார்த்தைகளைப் பல தடவை கேட்டிருக்கிறேன். இப்படிச் சொல்பவர்கள் அக்கறையற்ற தாய்மார் அல்லர். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவதற்காக வெயிலில் தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள், விடியமுன் எழும்பி ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக வீதியில் நிற்கிறவர்கள். ஆனால் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்க மட்டும் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது.

இந்தக் கூச்சத்திற்குக் காரணம் உண்டு. இன்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாயாக இருப்பவர்களில் பலர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் தாங்களே பாடசாலைப் பிள்ளைகளாக இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் கூறினார். 2008இல் அவர் ஆறாந்தரம். பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, தேவிபுரம் என்று இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்காலையும் கடந்து செட்டிகுளம் மனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது புத்தகப்பை கையில் இல்லை. முகாமுக்குள்ளும் வகுப்புகள் நடந்தன. 2009 ஓகஸ்டில் அங்கிருந்த பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைகூட எழுதினார்கள். ஆனால் இவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றவர். மீள்குடியேறிய பின்னர் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். பாடம் விளங்கவில்லை. பத்தாந்தரத்துடன் நின்றுவிட்டார். “இடையில போன படிப்பு பிறகு பிடிபடவேயில்லை அக்கா. இப்ப மகன் கணக்குக் கேட்டால், வேலை கிடக்குது எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிடுவன்” என்றார்.

இதனால்தான் 2025ஆம் கல்வியாண்டில் ஒவ்வொரு தவணையிலும் சில நாட்கள், கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளைப் பிரதேசத்திலுள்ள ஒரு சிறிய பாடசாலையின் தரம் 3 வகுப்பில், அதிபரின் அனுமதியுடன் பின் வாங்கிலில் இருந்து பார்த்தேன். 22 பிள்ளைகள், ஓர் ஆசிரியை. பாடசாலையின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இங்கு வேண்டாம். எமது பிரதேசத்தில் இதுபோன்ற வகுப்புகள் பல உள்ளன.

விளையாட்டா, படிப்பா?

முதலில் ஒரு முறைப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். “ரீச்சர் எழுதக் குடுக்கிறது குறைவு. பிள்ளையள் முத்தத்தில கல்லும் ஈர்க்கும் வைச்சு விளையாடுதுகள்” என்று பல தாய்மார் குறைப்படுகிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் கொப்பி நிறைந்திருந்தால்தான் படிப்பு நடந்தது என்று அர்த்தம். அதனால் இந்தக் குறை நியாயமாகவே தோன்றும்.

எமது நாட்டின் ஆரம்பக் கல்வி முறை 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும், 1999இல் நாடு முழுவதும் முதலாந்தரத்திலிருந்தும் மாற்றியமைக்கப்பட்டது. இந்த வகுப்பு நடப்பதும் அந்த ஒழுங்கில்தான். அதன்படி தரம் 1, 2 ஒரு கட்டம், தரம் 3, 4 அடுத்த கட்டம், தரம் 5 இறுதிக் கட்டம். பிள்ளை கற்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டுள்ளன: ஆசிரியரின் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு, கைகளால் செய்யும் செயற்பாடு, மேசையிலிருந்து எழுதும் வேலை. முதற் கட்டத்தில் விளையாட்டுக்கு இடம் அதிகம். தரம் 3, 4இல் மூன்றும் ஏறக்குறையச் சமம். தரம் 5இல் எழுத்து வேலை கூடிவிடும். ஆகவே மூன்றாந்தரப் பிள்ளை ஒருநாள் வெறும் கொப்பியுடன் வீட்டுக்கு வந்தால் அன்று படிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. “இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டால் விடயம் வெளியே வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதலாந் தவணையில் கழித்தல் நடந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் தென்னோலை ஈர்க்குத் துண்டுகள் இருந்தன. பத்துத் துண்டுகளைச் சேர்த்து நூலால் கட்டினால் அது ஒரு பத்து. 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். அதிலிருந்து 27ஐ எடுக்க வேண்டும். தனியாக இருப்பது இரண்டுதான், ஏழு எடுக்க முடியாது. ஒரு கட்டை அவிழ்க்கிறார்கள். இப்போது நான்கு கட்டும் பன்னிரண்டு தனி ஈர்க்கும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25.

இதைத்தான் நாங்கள் “பக்கத்தில கடன் வாங்கு” என்று படித்தோம். வீட்டில் தாய் கடன் வாங்கச் சொல்ல, பிள்ளை “அப்பிடியில்லை, கட்டை அவிழ்க்க வேணும்” என்று அழ, இரண்டு பேரும் கோபித்துக்கொண்ட கதையை ஒரு தாய் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் சகோதரிகளே. ஏன் கடன் வாங்குகிறோம் என்று எமக்குச் சொல்லித் தரப்படவில்லை. பிள்ளை அதைக் கையால் செய்து பார்க்கிறது. ஈர்க்குக்கு எமது வளவுகளில் பஞ்சமில்லை. பிள்ளையோடு இருந்து ஒரு தரம் அவிழ்த்துக் கட்டிப் பார்த்தால் உங்களுக்கும் அந்தக் கணக்கு விளங்கிவிடும்.

அம்மம்மாவின் சுண்டு

இரண்டாந் தவணையில் அளவைகள் படித்தார்கள். முதல்நாள் மீற்றர்ச் சட்டத்தை எடுக்கவேயில்லை. கரும்பலகையின் நீளத்தைச் சாணால் அளக்கச் சொன்னார் ஆசிரியை. ஒரு பிள்ளைக்கு 16 சாண் வந்தது, இன்னொரு பிள்ளைக்கு 18. ஆசிரியை அளந்தபோது 12. யார் சொன்னது சரி என்று வகுப்பில் ஒரே சண்டை. கடைசியில் ஒரு பெண்பிள்ளை, “எல்லாரின்ர கையும் ஒரே அளவில்லைத்தானே ரீச்சர்” என்றாள். மறுநாள்தான் மீற்றரும் சென்ரிமீற்றரும் வந்தன.

பிறகு கொள்ளளவு. ஒரு பிள்ளையின் அம்மம்மாவிடம் பழைய சுண்டும் தகரக் கொத்தும் இருப்பதை அறிந்த ஆசிரியை, அவற்றுடன் வகுப்புக்கு வரும்படி சொல்லியனுப்பினார். அந்த அம்மா இரண்டாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவர். பேரப்பிள்ளையைக் கூட்டிவந்து விடும்போதுகூடப் படலையோடு நின்றுவிடுவார். அன்றும் உள்ளே வர மறுத்து, பொருட்களை மட்டும் பேத்தியிடம் கொடுத்தனுப்பப் பார்த்தார். “எனக்கு உங்கட பாடம் ஒண்டும் தெரியாது பிள்ளை, என்னைப் பகிடி பண்ணுவினம்” என்றார். ஆசிரியை வெளியே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அதன் பின்னர் நடந்ததைப் பார்க்க வேண்டும். அரிசியைச் சுண்டில் அள்ளித் தலைதட்டி ஊற்றிக் காட்டினார். நாலு சுண்டு ஒரு கொத்து. பிள்ளைகளில் ஒருவன் குவியலாக அள்ளி ஊற்றியதால் மூன்றரைச் சுண்டிலேயே கொத்து நிறைந்துவிட்டது. “தலைதட்டாமல் அளந்தால் கடைக்காரனுக்கு நட்டம், தட்டிப்போட்டுக் குலுக்கினால் உனக்கு நட்டம்” என்றார் அம்மம்மா. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல் என்றும் சொன்னார். அப்படியானால் ஒரு புசலில் எத்தனை சுண்டு என்று ஆசிரியை கேட்டார். பிள்ளைகள் முப்பத்திரண்டை நான்கு தரம் கூட்டி 128 என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மம்மா அதற்கு முன்னரே சொல்லிவிட்டார். பெருக்கல் வாய்பாடு தெரியாத அவருக்கு அந்தக் கணக்கு நாற்பது வருட நெல் விதைப்பில் பழகியது. பின்னர் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில் ஒரு சுண்டு அரிசி எத்தனை கிராம் என்று நிறுத்துக் கொப்பியில் எழுதினார்கள்.

சுண்டு, கொத்து, புசல், பரப்பு எல்லாம் பழைய அளவைகள், பரீட்சையில் வராது என்று சிலர் சொல்லக்கூடும். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பது பரீட்சையில் வராவிட்டாலும் காணி உறுதியில் வரும். அதைவிட, தன் அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒன்று பள்ளிக்கூடத்திலும் படிப்பாக மதிக்கப்படுகிறது என்பதை அந்தப் பேத்தி கண்டாள். வட்டியும் தவணைப் பணமும் கணக்குப் பார்க்கின்ற, நெல் விற்கின்ற, சீட்டுப் பிடிக்கின்ற பெண்கள் “எனக்குக் கணக்குத் தெரியாது” என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

தடக்குகின்ற ஐந்து பிள்ளைகள்

எல்லாமே நன்றாக இருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. இந்த வகுப்பின் பெரிய கவலை வாசிப்பு.

மூன்றாந்தர முடிவில் ஒரு பிள்ளை தன் வயதுக்கேற்ற சிறிய பந்தியைத் தானாக வாசித்து, அதிலே என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கூற வேண்டும். முதலாந் தவணையில் 22 பேரில் ஐந்து பேரால் அது முடியவில்லை. தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள். இந்த ஐவரில் இருவர் கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் தடுமாறினார்கள். ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ நான்கும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. மற்ற மூவர் எழுத்துகளைத் தனித்தனியே சொல்வார்கள், சேர்த்து ஒரு சொல்லாக்க வராது. படத்தைப் பார்த்து ஊகித்து வாசிப்பார்கள். தரம் 1, 2இல் அந்தக் கெட்டித்தனத்தால் தப்பிவிட்டார்கள். படம் குறைந்து எழுத்துக் கூடும் தரம் 3இல் அகப்பட்டுக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் 2017இல் பிறந்தவர்கள். முன்பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் கொரோனாவால் முன்பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அடுத்து 2022இன் பொருளாதார நெருக்கடி, எரிபொருளும் இல்லை, பால்மாவும் இல்லை. 2023இல் முதலாந்தரத்துக்கு வரும்போது பென்சில் பிடித்துப் பழகாத பிள்ளைகள் பலர். இரண்டாந்தரத்தில் இந்த வகுப்புக்கு இடமாற்றங்களால் மூன்று ஆசிரியர்கள் மாறி மாறி வந்திருக்கிறார்கள். தூரப் பாடசாலைகளுக்கு நியமனம் பெறும் ஆசிரியர்கள் எப்போது ஊருக்குப் போகலாம் என்று காத்திருப்பதும், அவர்கள் போன பின் வகுப்பு ஆளில்லாமல் கிடப்பதும் வன்னியில் பழகிப்போன காட்சி. இதற்குத் தாய்மாரைக் குற்றஞ்சாட்ட முடியாது.

ஆனால் வரவு இடாப்பையும் பார்த்தேன். அந்த ஐவரில் நால்வர் அடிக்கடி வராதவர்கள். ஒரு பிள்ளை முதல் இரண்டு தவணைகளிலும் 41 நாட்கள் வரவில்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பார்க்கும் அம்மம்மாவுக்கு நீரிழிவு. அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக எட்டு வயது மகன்தான் துணை. இன்னொரு பிள்ளை காலபோக அறுவடைக் காலத்தில் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்டது. வேறு வழியில்லாத நாட்கள் உண்டு என்பதை நான் அறிவேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத்துக் கூட்டப் பழகுகின்ற நாட்களில் தொடர்ந்து ஒரு கிழமை விடுபட்டால், அந்தக் கிழமை படித்த எழுத்துகள் மட்டுமல்லாமல் அவற்றின் மேல் கட்டப்படும் எல்லாமே ஆட்டங்காணும். பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், மாதர் சங்கத்து உறுப்பினர் என்று யாரிடமாவது கிளினிக் துணையைக் கேட்கலாம். நாங்கள் அப்படியே கேட்டோம். சங்கத்தில் இரண்டு பேர் முறைவைத்து அந்த அம்மம்மாவுடன் போகத் தொடங்கினார்கள். மூன்றாந் தவணையில் அந்தப் பையன் விடுபட்ட நாட்கள் மிகக் குறைவு. நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை வெள்ளத்தால் பாடசாலைகளே மூடப்பட்டது வேறு கதை.

ஆசிரியை அந்த ஐவரையும் தினமும் காலைப் பிரார்த்தனைக்குப் பின் பதினைந்து நிமிடம் தன் மேசையருகே வைத்திருந்தார். மணலில் எழுதினார்கள். பிள்ளை சொல்லும் வசனத்தையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அதையே வாசிக்கச் செய்தார். “எங்கட ஆடு ரண்டு குட்டி போட்டது” என்பது ஒரு நாள் பாடம். தான் சொன்னது என்பதால் அதை வாசிக்கப் பிள்ளைக்கு ஆசை இருக்கிறது. ஆண்டு முடிவில் ஐவரில் மூவர் பந்தி வாசித்தார்கள். மற்ற இருவர் சொற்களை வாசிக்கிறார்கள், பந்திக்கு இன்னும் காலம் வேண்டும்.

வீட்டிற்கும் அவர் ஒரேயொரு வேலைதான் கொடுத்தார். இரவு சமைக்கும்போது பிள்ளையை அருகில் இருத்தி ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். திருத்தத் தேவையில்லை. முடிந்ததும் “அதில என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்க வேண்டும். இதற்குத் தாய்க்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் முன்பு குறிப்பிட்ட, ஆறாந்தரத்தில் இடம்பெயர்ந்த தாய் மாலை ஏழு மணிக்குத்தான் தொழிற்சாலையிலிருந்து வருவார். ரொட்டி தட்டும்போது மகன் அடுப்படியில் இருந்து வாசிப்பானாம். நரியும் முதலையும் வருகின்ற கதையொன்றை மூன்று இரவுகள் வாசிக்க வைத்ததாகச் சொன்னார். “எனக்கும் முடிவு தெரிய வேணும் போல கிடந்தது அக்கா.”

குளமும் குடும்பமும்

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தில் தலைப்புகள் ஒவ்வொரு தரத்திலும் திரும்பத் திரும்ப வரும், ஆழம்தான் கூடும். நீர், தாவரங்கள், விலங்குகள், வீடு, உதவுவோர் என்று செல்லும். இந்த வகுப்பு இரணைமடுக் குளத்தின் நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வருவதை மண்ணில் மாதிரி செய்து பார்த்தது. காலபோகம் மழையோடும் சிறுபோகம் குளத்து நீரோடும் செய்யப்படுவதைத் தகப்பன்மாரிடம் கேட்டுவந்து சொன்னார்கள். வெடிபொருள் பற்றிய பாடமும் ஒருநாள் நடந்தது. தெரியாத இரும்பைக் கண்டால் தொடாதே, கல்லால் எறியாதே, வந்த அடியிலேயே திரும்பிப் போய்ப் பெரியவரிடம் சொல். பிள்ளைகள் இதைச் சரளமாகச் சொல்கிறார்கள். விறகுக்கும் பழைய இரும்புக்கும் காட்டோரம் போகும் நாங்களும் இதைப் பிள்ளைகளிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதே பாடத்தில்தான் குடும்பம் என்ற தலைப்பும் வருகிறது. எமது பிரதேசத்தில் ஓர் ஆசிரியைக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் இல்லை எனலாம். அப்பாவின் பெயர், அப்பாவின் தொழில், அம்மாவின் பெயர், அம்மாவின் தொழில் என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தந்தை பிரிந்துபோன வீடு, தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடு, அம்மம்மாவும் பெரியம்மாவும் மட்டும் உள்ள வீடு என்று பலவகை. இந்த ஆசிரியை வேறு விதமாகக் கேட்டார். “வீட்டில உங்களோட ஆர் ஆர் இருக்கினம்? உங்களுக்கு ஆர் சோறு தாறவை? ஆர் தலை இழுத்துவிடுறவை?” ஒவ்வொருவருக்கும் ஓர் இலை வெட்டி, மரம் வரைந்து அதில் ஒட்டினார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு மேல் கிளையில் இடம்.

ஒரு பையன் எழும்பி, வீட்டுச் சுவரில் படத்தில் இருக்கிற மாமாவுக்கு இலை ஒட்டலாமா என்று கேட்டான். அந்தப் படத்துக்கு மாலை இல்லை. அவன் பிறப்பதற்கு எட்டு வருடங்களுக்கு முன் காணாமற்போனவர் அவர். வீட்டில் கேட்டுக்கொண்டு வரும்படி ஆசிரியை சொன்னார். அன்றிரவு அவன், “மாமா செத்திட்டாரா, இருக்கிறாரா?” என்று கேட்க, அம்மம்மா அழத் தொடங்கிவிட்டார். மறுநாள் தாய் கோபத்துடன் பாடசாலைக்கு வந்தார். “உங்களுக்குப் படிப்பிக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையா ரீச்சர்? அம்மா ராத்திரி நித்திரையே கொள்ளேல்லை.”

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் போய் அமர்ந்தவர்களில் இந்த அம்மம்மாவும் ஒருவர். பதில் கிடைக்காத ஒரு கேள்வியைப் பேரன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படித் தாங்குவது? ஆசிரியை மறுத்துப் பேசவில்லை. கதிரையைக் கொடுத்து இருத்தி, பிள்ளைதான் கேட்டான் என்பதை மட்டும் சொன்னார்.

இந்த விடயத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் சுவரில் உள்ள படத்தைத் தினமும் பார்க்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதையும் அவர்கள் எமது முகத்திலிருந்தே படித்துக்கொள்கிறார்கள். கேட்காத பிள்ளை தானாக ஏதாவது கற்பனை செய்யும். மாமா எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றோ, ஏதோ கெட்டது செய்தார் என்றோ எண்ணிக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுக் கதையும் தேவையில்லை. உண்மையான, சிறிய ஒரு வசனம் போதும். மூன்று நாட்களின் பின் அந்த அம்மம்மாவே பேரனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “மாமா எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம். அவருக்கு மாம்பழம் எண்டால் உயிர்.” பையன் மேல் கிளையில் ஓர் இலை ஒட்டினான். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வந்திருந்தார், ஆசிரியையோடு கதைத்துக்கொண்டும் இருந்தார்.

ரியூசன் பற்றி ஒரு வார்த்தை

இந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசிலுக்காக இப்போதே ரியூசன் போகிறார்கள். ஒரு தாய் நுண்கடன் தவணைக்கு வைத்திருந்த காசில் ரியூசன் கட்டணம் கட்டியதாகச் சொன்னார். புலமைப்பரிசில் வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணமும், பெரிய பாடசாலையில் இடமும் பெற்றுத் தரும். அதன் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் வெட்டுப்புள்ளியைப் பெறாத பிள்ளை சித்தியடையாத பிள்ளை அல்ல. மூன்றாந்தரத்தில் பழைய வினாத்தாள் செய்வதால் வாசிப்பு வந்துவிடாது. தடக்குகின்ற ஐவரில் இருவர் ரியூசன் போகிறவர்கள் என்பதையும் இங்கு சொல்லிவிடுகிறேன்.

இலவசக் கல்வி 1945இலும், இலவசப் பாடநூல் 1980இலும், இலவசச் சீருடைத் துணி 1993இலும் வந்தவை. இவை எமது பிள்ளைகளின் உரிமை. அந்த உரிமையில் ஆசிரியரிடம் போய் “என்ர பிள்ளை எந்த இடத்தில பின்தங்கி நிக்குது?” என்று கேட்பதும் அடங்கும். பெற்றோர் கூட்டம் வார நாளில் காலை பத்து மணிக்கு நடந்ததால் தொழிற்சாலைக்குப் போகும் தாய்மாருக்கு வர முடியவில்லை. வந்தால் அன்றைய சம்பளமும் வரவுக் கொடுப்பனவும் போய்விடும். ஏழு தாய்மார் சேர்ந்து அதிபரிடம் சொன்னார்கள். மூன்றாந் தவணைக் கூட்டம் ஒரு போயா விடுமுறை நாளில் வைக்கப்பட்டது. அதற்கு முந்திய கூட்டத்தில் எட்டுப் பேர், இதில் பத்தொன்பது பேர். தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட வெட்கப்பட்டு அக்காவை அனுப்பி வந்த ஒரு தாய் அன்று தானே வந்து கையெழுத்திட்டார்.

சந்தை நாள்

மூன்றாந் தவணையில் பிள்ளைகள் சிறுவர் சந்தை நடத்தினார்கள். பணம் பற்றிய பாடத்தின் செயற்பாடு அது. பயற்றங்காய், முருங்கைக்காய், தேசிக்காய், முருங்கை இலை, புழுக்கொடியல், கோழி முட்டை, அம்மாமார் செய்த எள்ளுருண்டை எல்லாம் வந்தன. விலையைப் பிள்ளைகளே தாளில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கீரைக்கட்டு 50 ரூபா. ஓர் அம்மா மூன்று கட்டு எடுத்துக்கொண்டு 500 ரூபாத் தாளை நீட்ட, விற்ற பெண்பிள்ளை விரலில் எண்ணி 350 ரூபாவைச் சரியாகக் கொடுத்தாள். அடுத்தவன் 100 ரூபாவைக் கூடக் கொடுத்துவிட்டு, அந்த ஆளைத் தேடிக்கொண்டு படலைவரை ஓடினான். சுண்டு கொண்டுவந்த அம்மம்மாவும் பயறு விற்கும் மேசையருகே நின்று, பிள்ளைகள் தலைதட்டி அளக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செலவு போக மிஞ்சிய காசை என்ன செய்வது என்று வகுப்பில் கை உயர்த்தித் தீர்மானித்தார்கள். பந்து வாங்க ஒன்பது பேர், சுவர்க் கடிகாரம் வாங்க பதின்மூன்று பேர். கடிகாரம் வாங்கினார்கள். முள்ளைப் பார்த்து மணி சொல்லும் பாடம் அடுத்த கிழமை அதிலேயே நடந்தது.